வாங்குவது ஒரு நாள், வைத்திருப்பது பல வருடம்

2022ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசி நாட்களை நம்மில் யாரும் எளிதில் மறந்துவிட மாட்டோம். ஜனவரியில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் ஜூன் 26ஆந் திகதி 470 ரூபாவாகியது. அந்த விலைக்கு வாங்குவதற்கும் பெற்றோல் இல்லை. மறுநாள் நள்ளிரவிலிருந்து அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவிக்கப்பட்டது. பாடசாலைகள் மூடப்பட்டன. எரிபொருள் நிலையங்களின் முன்னால் மோட்டார் சைக்கிள்களை வரிசையில் விட்டுவிட்டு மக்கள் பாய் விரித்துப் படுத்தார்கள்.

நான் நிந்தவூர்வாசி. கல்முனையில் உள்ள ஒரு பாடசாலையில் ஆசிரியராக இருக்கிறேன். வீட்டு வாசலிலிருந்து பாடசாலை வாசல் வரை ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர். பாடசாலை மீண்டும் திறக்கும் என்ற பேச்சு எழுந்தபோது, இரண்டு நாள் வரிசையில் நின்றும் என் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். மனைவி ஒரு கடித உறையை என் முன்னால் வைத்தாள். கூரை ஓடு மாற்றுவதற்காக அவள் கட்டிவந்த சீட்டுக் காசு அது.

“இஞ்சாருங்க, கூரை இன்னும் ஒரு மழைக்குத் தாங்கும். நீங்க ஒரு சைக்கிள் வாங்குங்க” என்றாள்.

அந்த நாட்களில் சைக்கிளுக்கும் தட்டுப்பாடுதான். விலையோ நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. பல கடைகள் ஏறி இறங்கி, கடைசியாக 68,000 ரூபாவுக்கு ஒரு சைக்கிள் வாங்கினேன். அன்று கிடைத்த கியர் சைக்கிள்களில் அதுதான் விலை குறைந்த வகை. ‘ஹைப்ரிட்’ என்று கடைக்காரர் சொன்னார். மட்காட், கரியல், ஸ்டாண்ட், மணி, முன்பின் விளக்குகள், பூட்டு ஆகியவற்றுக்கு மேலும் 11,500 ரூபா போயிற்று. ஆக மொத்தம் 79,500. வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வரும்போது, கூரையைத் தள்ளிக்கொண்டு வருவதுபோல இருந்தது எனக்கு.

மூன்று வருடங்கள் கடந்துவிட்டன. கிட்டத்தட்ட 9,600 கிலோமீற்றர் ஓடிவிட்டேன். இந்த மூன்று வருடங்களில் நான் விட்ட பிழைகளையும், அவற்றுக்காகக் கொடுத்த விலையையும், கற்றுக்கொண்டவற்றையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை. சைக்கிள் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும், வாங்கி மூலையில் சாத்தி வைத்திருப்பவர்களுக்கும் இது பயன்படலாம்.

இரண்டு சாதிக்குப் பிறந்த ஒரு பிள்ளை

நம் வாப்பாமார் ஓடிய ரலி சைக்கிளை எல்லோருக்கும் தெரியும். இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரிலிருந்து வந்தது. கனமான இரும்புச் சட்டம், பெரிய சில்லுகள், செயினை மூடிய தகரப் பெட்டி, டைனமோ விளக்கு. அதன் அடிப்படை அமைப்பு 1885இல் ஜோன் கெம்ப் ஸ்டார்லி என்பவர் கொவென்ட்ரி நகரில் வெளியிட்ட சைக்கிளிலிருந்து வந்தது. இரண்டு சில்லும் ஏறத்தாழ ஒரே அளவு, பெடல் நடுவில், செயின் பின்சில்லுக்கு. 1888இல் ஜோன் பொயிட் டன்லப் தன் மகனின் மூன்று சில்லுச் சைக்கிள் குலுங்காமல் ஓடுவதற்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். இந்த இரண்டும் சேர்ந்தபின் சைக்கிள் அடிப்படையில் பெரிதாக மாறவில்லை.

1980களில்தான் ஹைப்ரிட் என்ற வகை பரவத் தொடங்கியது. கலப்பின நெல், கலப்பினத் தென்னை என்கிறோமே, அதைப் போலத்தான் இதுவும். தார் வீதியில் விரைந்து ஓடும் சைக்கிளிலிருந்து பெரிய சில்லையும், மலைப்பாதைச் சைக்கிளிலிருந்து நேரான ஹேண்டிலையும் பல கியர்களையும் எடுத்துச் சேர்த்த பிள்ளை. டயர் பந்தயச் சைக்கிளைப்போல மெல்லியதும் அல்ல, மலைச் சைக்கிளைப்போலப் பருத்ததும் அல்ல. என்னுடையது 38 மில்லிமீற்றர் அகலம். முன்னால் மூன்று பற்சில்லு, பின்னால் ஏழு. ஆக 21 கியர்.

“நம் ஊர் தரைமட்டம். மேடு பள்ளம் இல்லை. கியர் எதற்கு?” என்று என்னைக் கேட்டவர்கள் பலர். நமக்கு மேடு இல்லைதான், காற்று இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் வாடைக் காற்று வடக்கிலிருந்து வரும்போது நிந்தவூரிலிருந்து கல்முனைக்குப் போவது ஒரு மலை ஏறுவது மாதிரித்தான். காரைதீவுக்கு முன்னுள்ள வயல்வெளியில் மறைப்புக்கு ஒரு மரமும் இல்லை. அங்கே வாப்பாவின் ரலி என்றால் இறங்கித் தள்ளவேண்டும். இதில் இரண்டு கியரைக் குறைத்துவிட்டால், மெதுவாகவேனும் மூச்சு வாங்காமல் போய்ச் சேரலாம்.

பெற்றோல் வந்தது, சைக்கிள் போனது

2022 ஓகஸ்டில் கியூஆர் அட்டை நடைமுறைக்கு வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு ஆரம்பத்தில் வாரத்துக்கு 4 லீற்றர். உம்மாவை மாதாமாதம் கிளினிக்குக் கொண்டுபோவதற்கும் அவசரத் தேவைகளுக்கும் அதை வைத்துக்கொண்டு, பாடசாலைக்குச் சைக்கிளிலேயே போனேன். அப்போது என்னைப்போலப் பலர் இருந்தார்கள். காலையில் பிரதான வீதியில் கந்தோருக்குப் போகிறவர்களும் ஆசிரியர்களும் வங்கிக்காரர்களும் சைக்கிளில் வரிசையாகப் போவார்கள். ஒருவருக்கொருவர் ஸலாம் சொல்லிக்கொண்டு போவது ஒரு நல்ல காட்சி.

2023இல் பெற்றோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியது. அந்த வருடம் செப்டம்பரில் கியூஆர் முறையும் நிறுத்தப்பட்டது. வீதியில் சைக்கிள்கள் ஒவ்வொன்றாகக் காணாமற்போயின. 70,000, 80,000 கொடுத்து வாங்கியவற்றைப் பாதி விலைக்கு விற்றார்கள். விற்க மனமில்லாதவர்கள் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தார்கள். ஒருநாள் பாடசாலை வாசலில் ஒரு நண்பர் என்னைப் பார்த்து, “சேருக்கு இன்னும் பெற்றோல் கிடைக்கல்லையா?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, விற்றுவிடுவோமா என்று உண்மையாகவே யோசித்தேன்.

அன்றிரவு ஒரு கொப்பியை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். அந்தக் கணக்குத்தான் என்னைத் தடுத்தது.

ஒரு கிலோமீற்றருக்கு எவ்வளவு?

முதல் வருடம் சைக்கிளுக்கும் பொருட்களுக்கும் 79,500. பஞ்சர், பிரேக் கட்டை, எண்ணெய் முதலியவற்றுக்கு 3,800. ஆக 83,300 ரூபா. ஓடியது சுமார் 3,200 கிலோமீற்றர். ஒரு கிலோமீற்றருக்கு 26 ரூபா! மோட்டார் சைக்கிள் ஒரு லீற்றரில் 45 கிலோமீற்றர் ஓடுகிறது, பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்று வைத்துக்கொண்டால், பெற்றோல் செலவு கிலோமீற்றருக்கு 7 ரூபாவுக்கும் குறைவு. அப்படியானால் நான் சிக்கனம் செய்யவில்லை, நட்டப்பட்டிருக்கிறேன். பாதி விலைக்கு விற்றாலும் நட்டம் நட்டந்தான்.

ஆனால் கணக்கை அங்கே நிறுத்தக்கூடாது. சைக்கிளுக்குக் கொடுத்த பெரிய காசு ஒரு தடவைதான். பின்னர் வருவதெல்லாம் பராமரிப்பு மட்டும். இரண்டாம் வருடம் எனக்கு 14,200 ரூபா போனது. அது ஏன் அவ்வளவு கூடியது என்பதைப் பின்னர் சொல்கிறேன். மூன்றாம் வருடம் 9,300. மூன்று வருடத்துக்கும் எல்லாமாக 106,800 ரூபா. 9,600 கிலோமீற்றருக்குப் பகிர்ந்தால் கிலோமீற்றருக்கு 11 ரூபா. 26 ரூபா 11 ஆகிவிட்டது. இதே அளவில் செலவழித்துப் பத்து வருடம் வைத்திருந்தால் 5 ரூபாவுக்குச் சற்று மேல்தான் வரும். அது மோட்டார் சைக்கிளின் பெற்றோல் செலவைவிடக் குறைவு. மோட்டார் சைக்கிளின் விலை, காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், சேர்விஸ், ஒயில் எதையும் நான் இதில் சேர்க்கவில்லை.

ஆகவே, மலிவான சைக்கிள் வாங்கினால் இலாபம் என்பது பாதி உண்மைதான். வாங்கிய சைக்கிளை வைத்திருந்தால்தான் இலாபம். ஒரு வருடத்தில் விற்பவனுக்கு அது ஆடம்பரம். பத்து வருடம் ஓடுபவனுக்கு அது சேமிப்பு. ஆனால் பத்து வருடம் ஓடவேண்டுமானால் அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

செயின் சொன்ன பாடம்

முதல் ஒன்றேகால் வருடம் நான் செயினுக்கு எண்ணெய் விட்டதோடு சரி. அதுவும் மோட்டார் சைக்கிளிலிருந்து கழித்த கறுப்பு ஒயில். அதில் இரும்புத் தூளும் கரியும் கலந்திருக்கும் என்பதை யோசிக்கவில்லை. அது செயினுக்கு எண்ணெய் அல்ல, அரம்.

2023 கடைசியில், நாலாயிரம் கிலோமீற்றர் அளவில் ஓடிய பிறகு, செயின் தளர்ந்து சத்தம் போடத் தொடங்கியது. நம் ஊர்ச் சைக்கிள் பாஸிடம் கொண்டுபோய், “காக்கா, செயினை மாத்தித் தாங்க” என்றேன். அவர் பின் பற்சில்லைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“சேர், செயின மட்டும் மாத்தினா ஓடாது. பல்லெல்லாம் தேஞ்சு போச்சு. புதுச் செயின் பழைய பல்லுல நிக்காது, வழுக்கும்.”

நான் நம்பவில்லை. செயினை மட்டும் மாற்றச் சொன்னேன். மறுநாள் ஏறி அழுத்தியதும் ‘டக் டக்’ என்று செயின் பல்லைத் தாண்டியது. சந்தியில் வாகனங்களுக்கு நடுவில் விழப் பார்த்தேன். அன்றே திரும்பிப் போய்ப் பற்சில்லையும் மாற்றினேன். செயினைவிடப் பற்சில்லுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் செலவு. உரிய நேரத்தில் செயினை மாற்றியிருந்தால் அந்தப் பற்சில்லு இன்னும் ஓடியிருக்கும்.

உரிய நேரம் எது என்பதை ஒரு பாடசாலை அடிமட்டம் சொல்லும். செயினில் ஓர் ஆணியிலிருந்து அடுத்த ஆணிக்கு அரை அங்குலம். ஆகவே ஓர் ஆணியின் நடுவிலிருந்து தொடங்கி 24 இடைவெளிகளை எண்ணினால், புதிய செயினில் அது சரியாக 12 அங்குலம் இருக்கும். தேயத் தேய அது நீளும். 12 அங்குலத்தைவிட பதினாறில் ஓர் அங்குலம் கூடிவிட்டால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஓர் அங்குலம் கூடும்வரை காத்திருந்தால் பற்சில்லும் போய்விட்டது என்று பொருள். மாதத்துக்கு ஒரு தடவை இதை அளக்க ஒரு நிமிடம் போதும்.

எண்ணெய்க்கும் ஒரு முறை உண்டு. முதலில் பழைய சாரன் துண்டால் செயினைத் துடைக்க வேண்டும். பிறகு சுத்தமான மெல்லிய ஒயிலை ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டாக விட்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்ற வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து வெளியில் இருப்பதை மீண்டும் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் செயினின் உள்ளேதான் வேலை செய்கிறது. வெளியே நிற்பது மண்ணைப் பிடிக்கும், வெள்ளைக் காற்சட்டையையும் பிடிக்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம்.

28 அங்குலம் என்றால் 28 அங்குலமா?

பின் டயர் தேய்ந்தபோது இன்னொரு பாடம். கடையில் “28 அங்குல டயர் தாருங்கள்” என்றேன். கொடுத்தார்கள். வீட்டில் பூட்டினால் தொளதொளவென்று நிற்கிறது. அது பழைய ரலி மாதிரிச் சைக்கிளுக்குரிய 28 அங்குல டயர்.

டயரின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் இரண்டு எண்கள் இருக்கும். என்னுடையதில் 38-622. முதலாவது டயரின் அகலம். இரண்டாவது, டயர் ரிம்மில் அமரும் இடத்தின் விட்டம். இரண்டும் மில்லிமீற்றரில். ஹைப்ரிட்டின் சில்லு 622. பழைய 28 அங்குலம் ஒன்றரை டயர் 635. மலைச் சைக்கிளின் 26 அங்குலம் 559. அங்குலக் கணக்கு ஏமாற்றும். இந்த மூன்று இலக்க எண் ஏமாற்றாது. அதைக் கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். சிறிய ஊர்க்கடைகளில் 622 டயர் எப்போதும் இருப்பதில்லை. நான் இப்போது ஒரு டயரும் இரண்டு டியூப்பும் முன்கூட்டியே எடுத்து, வெயில் படாத இடத்தில் வைத்திருக்கிறேன்.

பஞ்சர் ஆணியால் மட்டும் வருவதில்லை, காற்றுக் குறைவாலும் வருகிறது என்பதையும் கண்டேன். காற்றுக் குறைந்த டயர் குழியில் விழும்போது டியூப் ரிம்முக்கும் குழியின் விளிம்புக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கடித்ததுபோலப் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு ஓட்டை விழும். கைவிரலால் அமத்திப் பார்த்து முடிவு செய்யாமல் மானியுள்ள பம்பு ஒன்று வாங்கினேன். என் நிறை 72 கிலோ. பின்சில்லுக்கு 60 இறாத்தலும் முன்சில்லுக்கு 50 இறாத்தலும் அடிக்கிறேன். வாரம் ஒருமுறை அடிக்கத் தொடங்கிய பிறகு பஞ்சர்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன.

என்னால் மறக்க முடியாத சனிக்கிழமை

இனிச் சொல்லப் போவதை எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் பெற்றோர் வாசிக்கும் சஞ்சிகை என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் இளைய மகனுக்கு அப்போது ஏழு வயது. சனிக்கிழமைகளில் அவனை வகுப்புக்குக் கரியலில் வைத்துக் கொண்டுபோவேன். சிறு வயதில் எங்களை வாப்பா முன்னால் பாரில் சிறிய சீற் பூட்டித்தான் ஏற்றுவார். ஹைப்ரிட்டின் மேல்பார் சரிந்திருப்பதால் அப்படிப் பூட்ட முடியாது என்று நினைத்துக் கரியலில் ஏற்றினேன். கால்களை வைப்பதற்கு ஒன்றும் பூட்டவில்லை. “காலை அகட்டி வெச்சுக்க மகன்” என்று மட்டும் சொல்வேன்.

அன்று வரும் வழியில் பிள்ளைக்குத் தூக்கக் கலக்கம். திடீரென்று சைக்கிள் ஏதோ கட்டையில் மாட்டியதுபோல நின்றது. “வாப்பா” என்று ஒரு சத்தந்தான் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அவனுடைய வலது குதிகால் சில்லுக் கம்பிகளுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருந்தது. செருப்பு கிழிந்து, குதிகாலின் பின்பக்கத் தோல் உரிந்து, இரத்தம். வீதியில் போன ஒரு முச்சக்கர வண்டிக்காரர் ஓடிவந்து சைக்கிளைத் தூக்கிப் பிடிக்க, நான் சில்லைப் பின்பக்கமாகச் சுற்றிக் காலை எடுத்தேன். ஆஸ்பத்திரியில் எக்ஸ்-றே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை. ஒன்பது தையல். மூன்று கிழமை பாடசாலை இல்லை.

“இப்படிப் பிள்ளைகள் அடிக்கடி வாறாங்க. ஒரு வலையடிச்சிருந்தா வந்திருக்காது” என்று காயத்துக்கு மருந்து கட்டியவர் சொன்னார். அவர் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அது குற்றப்பத்திரிகை போலவே கேட்டது.

மனைவி என்னை ஒரு வார்த்தையும் ஏசவில்லை. இரண்டு நாள் பேசவும் இல்லை. மூன்றாம் நாள், “சைக்கிள வித்துப்போடுங்க” என்றாள். அவள் சீட்டுக் காசில் வாங்கிய சைக்கிள். அவள் சொன்னால் விற்கத்தான் வேண்டும். “உன் சொல்லுக்கு மாறு செய்ய மாட்டேன். ஒரு மாதம் மட்டும் பொறு. இதைச் சரியாகச் செய்து காட்டுகிறேன். அதன் பிறகும் வேண்டாம் என்றால் விற்போம்” என்றேன்.

பாஸ் காக்காவிடம் போனேன். பின்சில்லின் இரு பக்கமும், கரியலிலிருந்து அச்சுவரை, சாரி மாட்டாமல் போடுகிற கம்பி வலையைப் பூட்டினோம். கால் வைப்பதற்கு இரு பக்கமும் மடிக்கக்கூடிய மிதிகள். கரியலை எடுத்துவிட்டு, நிறை தாங்கக்கூடிய தடித்த கரியல். அதன்மேல் முதுகு சாய்வும் இடுப்புப் பட்டியும் உள்ள பிள்ளைச் சீற். பிள்ளையின் நிறையால் பின்சில்லில் இரண்டு கம்பிகள் ஏற்கெனவே அறுந்திருந்தன. கியர்ப் பக்கக் கம்பிகள்தான் கூடுதலாக இழுபட்டு நிற்பவை, ஆகவே முதலில் அறுவதும் அவைதான் என்று பாஸ் விளக்கினார். அவற்றையும் மாற்றிச் சில்லை நேராக்கினார். செயினும் பற்சில்லும் இந்த வேலையும் சேர்ந்துதான் இரண்டாம் வருடச் செலவை 14,200 ஆக்கின.

பெற்றோர்களே, உங்கள் வீட்டுச் சைக்கிளில் பிள்ளையை ஏற்றுகிறீர்கள் என்றால், வேறு எதையும் செய்யாவிட்டாலும் வலையையும் கால்மிதியையும் இந்த வாரமே பூட்டுங்கள். செருப்பில்லாமல் ஏற்றாதீர்கள். அபாயாவும் சாரனும் துப்பட்டா முனையும் அந்தச் சில்லுக்குள்தான் போகும். அந்த வலை அவற்றையும் காக்கும்.

உப்புக் காற்றும் மழை வெள்ளமும்

கடலோரத்தில் வாழும் நமக்குச் சைக்கிளின் பெரிய எதிரி தூரம் அல்ல, துரு. உப்புக் காற்று ஆணித் தலைகளிலும் பிரேக் கம்பிகளிலும் முதலில் ஏறும். பிரேக் கம்பி வெளியில் பளபளவென்று இருக்கும், உறைக்குள்ளே துருப்பிடித்து இழை இழையாக அறுந்துகொண்டிருக்கும். பிரேக்கை அழுத்தும்போது கரகரவென்று இருந்தாலோ, விட்டதும் உடனே திரும்பாவிட்டாலோ கம்பியை மாற்றிவிடுங்கள். அது விலை குறைந்த சாமான். வருடத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும், நான்கு கம்பிகளையும் நான் மாற்றிவிடுகிறேன்.

மழையில் நனைந்து வந்தால் நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுவது அன்றே செய்யவேண்டிய வேலை. அடுத்த நாளைக்கு விட்டால் செயின் செம்மண் நிறமாகிவிடும். வீதியில் வெள்ளம் நிற்கும் நாட்களில் தண்ணீர் சில்லின் அச்சு மட்டத்துக்கு வருமானால் இறங்கித் தூக்கிச் செல்லுங்கள். அச்சுக்குள் தண்ணீர் போனால் கிறீஸ் கழுவப்பட்டு, உள்ளிருக்கும் குண்டுகள் துருப்பிடிக்கும். அப்படிப் போய்விட்டால் கழற்றித் துடைத்துப் புதிய கிறீஸ் வைக்க வேண்டும்.

இன்னொன்று சீற்றின் உயரம். இரண்டு காலும் நிலத்தில் பதியவேண்டும் என்று நம்மவர்கள் சீற்றைத் தாழ்த்தி வைப்பார்கள். அதனால்தான் முழங்கால் நோகிறது. நானும் ஆறு மாதம் நொந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சீற்றில் அமர்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலைக் கீழே கொண்டு போங்கள். கால் நேராக நீள வேண்டும். அதுவே சரியான உயரம். ஓடும்போது முன்பாதத்தால் மிதிப்போம், அப்போது முழங்கால் சற்று மடங்கி இருக்கும். இதைச் செய்த பின்னர் என் முழங்கால் வலி போய்விட்டது.

என் கொப்பியில் உள்ள அட்டவணை

வெள்ளிக்கிழமை காலை: காற்று, செயின் துடைத்தல், எண்ணெய், இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பார்த்தல், டயரில் கண்ணாடித் துண்டு இருக்கிறதா என்று பார்த்தல்.

மாதம் ஒருமுறை: செயினை அளத்தல், பிரேக் கட்டையின் கோடுகள் தேய்ந்துவிட்டனவா என்று பார்த்தல், கரியல், மட்காட், ஸ்டாண்ட் ஆணிகளை இறுக்குதல், சில்லுக் கம்பிகளை விரலால் தட்டி ஒரே சத்தம் வருகிறதா என்று கேட்டல். தளர்ந்த கம்பி மந்தமாக ஒலிக்கும்.

வருடம் ஒருமுறை: பிரேக், கியர் கம்பிகள் மாற்றுதல், சில்லு அச்சுகளுக்கும் பெடல் அச்சுக்கும் கிறீஸ், வலையும் பிள்ளைச் சீற்றும் உறுதியாக இருக்கின்றனவா என்று பாஸிடம் காட்டுதல்.

வாரத்துக்குப் பதினைந்து நிமிடம். அவ்வளவுதான். இதற்கு நேரமில்லை என்றால், நேர்மையாகச் சொல்கிறேன், சைக்கிள் வாங்காதீர்கள். கவனிக்காத மலிவுச் சைக்கிள் மிக விலை கூடிய வாகனம்.

சைக்கிள் எல்லாவற்றுக்கும் மருந்தும் அல்ல. உம்மாவைக் கிளினிக்குக் கொண்டுபோக மோட்டார் சைக்கிளோ முச்சக்கர வண்டியோதான் வேண்டும். பெருமழையில் பஸ்ஸில் போகிறேன். இரவில், விளக்கில்லாத வயல் வீதியில், பின்விளக்கு எரியாமல் நான் போவதே இல்லை. எதற்கு எது பொருத்தம் என்று தெரிந்து பயன்படுத்தினால் இரண்டு வாகனமும் நீடிக்கும்.

ஒரு மாதம் முடிந்தது

நான் கேட்ட தவணை முடிந்த நாளில் மனைவியைக் கூப்பிட்டு, வலை, மிதி, சீற் எல்லாவற்றையும் காட்டினேன். அவள் குனிந்து வலைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். விரல் போகவில்லை. கரியலைப் பிடித்து உலுக்கிப் பார்த்தாள். “இத முதல்லயே செஞ்சிருக்கலாமே” என்றாள். விற்கச் சொல்லவில்லை.

மகன்தான் ஏறவில்லை. இரண்டு மாதம் சைக்கிளுக்குப் பக்கத்திலேயே வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. வெள்ளிக்கிழமைகளில் நான் காற்றடிக்கும்போது தூர நின்று பார்ப்பான். ஒருநாள் மானியில் உள்ள இலக்கத்தை வாசிக்கச் சொன்னேன். வாசித்தான். அடுத்த வெள்ளி அடிமட்டத்தைக் கொண்டுவந்து செயினைத் தானே அளந்தான். அதற்கும் பிறகுதான் ஒருநாள், “வாப்பா, கால வைக்கிற மிதி இறுக்கமா இருக்கா?” என்று கேட்டுவிட்டு, தானே ஆட்டிப் பார்த்து, ஏறி அமர்ந்தான்.

கூரை ஓட்டை கடந்த வருடம் மாற்றினோம். மனைவி மீண்டும் சீட்டுக் கட்டுகிறாள். இந்தத் தடவை எதற்கு என்று கேட்டேன். மகனுக்கு ஒரு சைக்கிளாம். “சின்னதா, மலிவா ஒண்டு போதும். பாத்துக்கத்தான் அவனுக்குத் தெரியுமே” என்றாள்.